வயலில் தூவிய பொடி வடதுருவம் போன கதை

கனடாவில் மிகச் சுத்தமான தாய்ப்பால் எங்கே கிடைக்கும்? புகைபோக்கியே இல்லாத வடக்கில்தான் என்று நீங்களும் நானும் சொல்லியிருப்போம். கியூபெக் லாவல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வாளர் எரிக் டெவாய்லியும் அப்படித்தான் எதிர்பார்த்தார். 1980-களின் பிற்பகுதியில், தெற்கு கியூபெக் தாய்மார்களின் பாலில் பிசிபி என்ற ரசாயனம் எவ்வளவு இருக்கிறது என்று அவர் அளந்துகொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க மாசுபடாத ஓர் இடம் வேண்டியிருந்தது. நுனாவிக் பகுதியின் இனுயிட் தாய்மார்களின் பாலைச் சோதித்தார். முடிவு தலைகீழாக வந்தது. அவர்கள் பாலில்தான் பிசிபி அதிகம், சுமார் ஐந்து மடங்கு.

பிசிபி, டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் பயன்பட்ட பொருள். இனுயிட் மக்கள் அதைத் தயாரித்தவர்களும் இல்லை, அதனால் லாபம் பார்த்தவர்களும் இல்லை. பிறகு அங்கே எப்படிப் போனது?

இதற்கு விடை சொன்னவர்களில் ஒருவர் நம்ம ஸ்கார்பரோக்காரர். தமிழ் இருக்கைக்கு நாமெல்லாம் காசு கொடுத்தோமே, அந்த டொரன்டோ பல்கலைக்கழக ஸ்கார்பரோ வளாகத்தின் பேராசிரியர் ஃபிராங்க் வானியா. 1993-ல் டான் மக்கேயுடன் சேர்ந்து அவர் தந்த விளக்கம் இது: இந்த ரசாயனங்கள் வெப்பமான ஊரில் ஆவியாகிக் காற்றில் ஏறும், குளிர்ந்த இடத்தில் இறங்கிப் படியும். வெயில் வந்தால் மறுபடி ஏறும். வெட்டுக்கிளி மாதிரி தாவித் தாவி வடக்கே போய்ச் சேரும். அந்தக் குளிரில் சீக்கிரம் சிதையவும் சிதையாது. கொழுப்பில் தங்கும் குணம் இருப்பதால் மீன், சீல், வெள்ளைத் திமிங்கிலம் என்று படிக்குப் படி செறிந்து, அவற்றை உண்ணும் தாயின் பாலில் வந்து நிற்கும்.

சரி, இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நான் சிதம்பரம் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவன். நெல்லில் பூச்சி என்றால் அப்போது பி.எச்.சி. பொடிதான். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு தூவுவார்கள். அந்த நெடி தெருவரைக்கும் வரும்.

பொடி எங்கே போகிறது என்று கணக்குப் பார்த்தவர்கள் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தின் சுப்பிரமணியனும், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்து தனாபே குழுவினரும் வெள்ளாற்றுப் பகுதி வயல்களில் இந்த மருந்தைப் பின்தொடர்ந்தார்கள். 1991-ல் முடிவு வெளியானது. தூவியதில் 99 சதவீதத்துக்கு மேல் காற்றோடு போய்விடுகிறது. ஆற்று வழியே கடலுக்குப் போவது ஒரு சதவீதம்கூட இல்லை.

இதே மருந்து ஆர்க்டிக் கடல்நீரிலும் அளக்கப்பட்டது. சீனா 1983-லும் இந்தியா 1997-லும் இதைத் தடை செய்தன. அங்கே காற்றில் இதன் அளவு குறைந்துகொண்டே வந்தது. தடை போட்டால் பலன் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

டெவாய்லி தாய்ப்பாலை நிறுத்தச் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தாய்ப்பாலின் நன்மை பெரிது, நஞ்சை அது புறப்படும் இடத்திலேயே நிறுத்துங்கள் என்பதுதான் நியாயமான வழி. இனுயிட் தலைவி ஷீலா வாட்-க்ளூட்டியே 1999-ல் நைரோபி பேச்சுவார்த்தைக்கு, தாயும் சேயுமாகச் செதுக்கிய ஒரு சிற்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பேச்சு நடந்த காலமெல்லாம் அது தலைவரின் மேசையில் இருந்தது. 2001-ல் 12 நஞ்சுகளுக்கு எதிராக ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் நிறைவேறியது. முதலில் கையெழுத்திட்டு உறுதிசெய்த நாடு கனடா.

வீட்டுக்கும் ஒரு விஷயம். ஒன்டாரியோ ஏரியில் தூண்டில் போடுகிற அண்ணன்மாரே, மாகாண அரசின் மீன் வழிகாட்டியை ஒரு தடவை பாருங்கள். எந்த இடத்தில், எந்த மீனை, எவ்வளவு நீளம் வரை, மாதம் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று அதில் இருக்கிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கணக்கு. பெரிய, கொழுப்பு மீனில்தான் பிசிபி அதிகம். தோலையும் கொழுப்பையும் நீக்கிச் சுட்டால் குறையும். எல்லாவற்றையும் போட்டுக் குழம்பு வைத்தால் கொழுப்பு குழம்பிலேயே நின்றுவிடும்.

கதை முடியவில்லை. ஊரில் இன்னும் தெளிக்கப்படும் குளோர்பைரிபாஸ் 2025-ல்தான், விதிவிலக்குகளோடு, ஒப்பந்தப் பட்டியலில் ஏறியது. இங்கே பிறந்த பிள்ளைகளே, அந்த விதிவிலக்குகளை யார் கேட்டு வாங்குகிறார்கள் என்று பாருங்கள். ஊரில் நிலம் வைத்திருக்கும் பெரியவர்களே, அடுத்த போன் பேச்சில் "வயலுக்கு என்ன மருந்து அடிக்கிறீங்க?" என்று கேளுங்கள். தெளிப்பவர் மூச்சில் முதலில் ஏறுவதும் அதுதானே.