உணவாகும் மரங்கள் – 9: ஜூனிப்பர் சாம்பல்

அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரந்து கிடக்கும் நவஹோ நிலத்தின் மேட்டுப்பகுதிகளில், பின்யோன் எனப்படும் குட்டைப் பைன் மரங்களோடு சேர்ந்து வளர்வது காட்டு ஜூனிப்பர். பாறை இடுக்குகளில் முறுக்கிய தண்டுடன் நிற்கும் இம்மரத்தை அங்குள்ளோர் பேச்சுவழக்கில் ‘சீடர்’ என்று அழைத்தாலும், தாவரவியலின்படி அது தேவதாரு இனம் அன்று. சைப்பிரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது.

அதன் நீலக் கனி எனப்படுவதும் உண்மையில் கனி அன்று. பைன் கூம்பில் தனித்தனியாக விரியும் செதில்கள் இங்கே சதைப்பற்றுடன் ஒன்றோடொன்று ஒட்டி, விதையை மூடி, மேலே வெண்மெழுகு படிந்த உருண்டையாகின்றன. ஐரோப்பிய ஜூனிப்பரின் உருண்டைகளே ஜின் மதுவுக்கு மணமும் பெயரும் தந்தவை. வேட்டை இறைச்சியின் மசாலாவிலும் அவை இடம்பெறுகின்றன. இந்தப் புகழ், இம்மரத்தின் இதைவிட அரிய பயன் ஒன்றை மறைத்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

தம்மைத் தினே என்று அழைத்துக்கொள்ளும் நவஹோ மக்கள் ஜூனிப்பரின் சாம்பலை உணவில் சேர்க்கின்றனர். பச்சை இலை அடர்ந்த கிளை நுனிகளை ஒடித்து, மண் கலவாதபடி தகட்டின்மேல் எரித்து, ஆறியபின் சலித்தால் மாவு போன்ற மென்சாம்பல் கிடைக்கிறது. கொதிநீரில் அதைச் சிறிதளவு கரைத்து, நீல மக்காச்சோள மாவைத் தூவி, கட்டி விழாமல் குச்சிக் கட்டால் துழாவத் துழாவ, மங்கலாக இருந்த கூழ் கண்ணெதிரே நீலப்பச்சையாகிறது. மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் ஆரத்தி சிவப்பதைப் போலத்தான் இதுவும்: காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு நேரெதிரான தன்மை, கூடும்போது தாவர நிறமிகள் நிறம் மாறுகின்றன. நீல மக்காச்சோளத்தில் அவ்வாறு மாறும் நிறமிக்கு ஆந்தோசயனின் என்று பெயர். அண்டை அயலாரான ஹோப்பி மக்கள், சூடான கல்லில் காகிதம்போல் மெல்லிதாகச் சுடும் பிக்கி ரொட்டிக்கு உப்புப்புதர் எனப்படும் செடியின் சாம்பலைச் சேர்ப்பதும் இந்த நிறத்துக்காகவே.

பயன் நிறத்தோடு நின்றுவிடவில்லை. ஒரு கிராம் ஜூனிப்பர் சாம்பலில், ஏறத்தாழ ஒரு குவளைப் பாலில் உள்ள அளவு கால்சியம் இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வளர்ந்தபின் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்க இயலாதவர்கள் மிகுந்த ஒரு சமூகத்துக்கு இது எளிய செய்தி அன்று. மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைக்கும் பழைய வழக்கமும் இதன் உறவே. அதனால் தானியத்தில் பிணைந்து கிடக்கும் நியாசின் என்னும் உயிர்ச்சத்து உடலுக்குக் கிட்டுகிறது. தானியத்தை மட்டும் பெற்றுக்கொண்டு அந்தச் சமையல்முறையை விட்டுவிட்ட ஐரோப்பாவில், மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பெல்லாக்ரா நோய்க்கு ஆளாயினர். பயிரைக் கொண்டுபோனவர்கள் அதைச் சமைத்தவர்களின் அறிவை மதித்திருந்தால் அத்துயரம் பெருமளவு தவிர்ந்திருக்கும்.

எல்லா ஜூனிப்பரும் உண்ணத் தக்கதன்று; சபினா என்னும் இனம் நச்சுத்தன்மை உடையது. நவஹோ சமையலுக்கு உரிய சாம்பல் இன்றும் வீடுகளில் எரித்துச் சேமிக்கப்படுகிறது. சிறு பைகளில் விற்பனைக்கும் வருகிறது.