வீடு யாருடைய பெயரில் இருக்கிறது?

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடற்கோள் வந்தபோது கைக்குழந்தைகளாக இருந்த பெண்பிள்ளைகள் இன்று கலியாண வயதில் நிற்கிறார்கள். மட்டக்களப்புக் கரையோரக் குடும்பங்களில் இப்போது எழும் கேள்வி, மகளுக்கு எந்த வீட்டைக் கொடுப்பது என்பதாகும். வீடு கட்டிக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணியிருந்தவர்களில் நாமும் அடங்குவோம்.

கிழக்கின் வழக்கத்தை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குவோம். இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடுவளவு பெரும்பாலும் பெண்வழியாகவே இறங்கிவருகிறது. மகள் கலியாணம் முடிக்கும்போது வீடு சீதனமாக அவளுக்கு எழுதப்படும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். சீதனம் பற்றி எமக்குக் குறைகள் பல உண்டு. மகளுக்கு வீடு கட்டுவதற்காகவே மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாய்மாரை நாம் அறிவோம். ஆயினும் கணவன் குடித்தாலும் விட்டுப் போனாலும் அவளுக்கு ஒரு கூரை இருந்தது. வளவிலுள்ள தென்னையும் கோழியும், கருவாடு காயவைக்கும் முற்றமும் அவளுடைய சீவியத்துக்கு உதவின.

2005இல் வடக்கு கிழக்கில் கடற்கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று விதிக்கப்பட்டது; பின்னர் அத்தூரம் குறைக்கப்பட்டது. ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமான நாவலடியைச் சேர்ந்த பலர் திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டார்கள். இப்படியான குடியேற்றங்களில் புதிய காணிக்கும் வீட்டுக்குமான படிவங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் அநேகமாகக் கணவனின் பெயரே எழுதப்பட்டது. மனைவியின் சீதன வீட்டுக்கு ஈடாகக் கிடைத்தது கணவனுடையதாயிற்று. பிள்ளையின் பிணத்தைத் தேடிக்கொண்டிருந்த சனம் படிவத்தையா வாசிக்கும்?

கடற்கோளில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாக இறந்தார்கள். மனைவியை இழந்தவர்களுட் சிலர் மறுமணம் செய்து, இரண்டாம் தாரத்துக்கும் பிள்ளைகள் உண்டு. செத்துப்போன தாயின் வீட்டுக்குப் பதிலாக வந்த வீட்டிலே மூத்த தாரத்தின் மகளுக்கு என்ன உரிமை? காகிதத்தில் தாயின் பெயரே இல்லை.

இனியும் செய்யக்கூடியது உண்டு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர், தமக்குப் பின் காணி யாரைச் சேரவேண்டும் என்று ஒருவரை நியமிக்கலாம். அந்த நியமனம் அவர் உயிரோடு இருக்கும்போதே பதியப்பட வேண்டும். நியமிக்காமல் இறந்தால் சட்டம் கூறும் வரிசைப்படியே போகும். முன்பு அந்த வரிசையில் ஆண்பிள்ளையே முந்தினான். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த வேறுபாட்டை நீக்கியது. ஆனால் வீடு மகளுக்குத்தான் என்று அதுவும் சொல்லவில்லை. ஊர் வழக்கத்தைச் சட்டம் அறியாது.

ஆகவே முதலில் பெட்டியிலுள்ள காகிதத்தை எடுத்துப் பாருங்கள். அது அனுமதிப்பத்திரமா, அளிப்பா, அல்லது வீடு கையளித்த நாளில் தந்த வெறும் கடிதமா? விளங்காவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் காட்டிவிட்டுப் பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போகலாம். தகப்பன் போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது.