35 வருஷம் நரம்பு கட்டிய கை

நான் பெரம்பூரில் வசிக்கும் சாதாரண இல்லத்தரசி. இந்தப் பகுதியில் பல சகோதரிகள் மாமியாரைப் பற்றி, மகளைப் பற்றி, பக்கத்து வீட்டைப் பற்றியெல்லாம் எழுதுகிறார்கள். நான் என் கணவரைப் பற்றி எழுதப் போகிறேன். "புருஷன் பெருமை பேச வந்துட்டா பாரு" என்று நினைத்துவிடாதீர்கள். வருஷக் கணக்கில் அவரைத் திட்டித் தீர்த்தவள்தான் நான்.

1994-ல் என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று என் அப்பா கேட்டார். "விளையாட்டு சாமான் செய்யற கம்பெனில சர்வீஸ் டெக்னீஷியன்" என்றார்கள். அப்பாவுக்குப் புரியவில்லை. உடனே இவரே, "பேட்மின்டன் மட்டைக்கு நரம்பு கட்டுவேன் மாமா. கிரிக்கெட் மட்டை உடைஞ்சா ஒட்டுவேன்" என்றார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. "இதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று உள்ளே வந்து அம்மாவிடம் கேட்டார். மாசம் பிறந்தால் சம்பளம், பி.எஃப். உண்டு என்ற ஒரே காரணத்துக்காகத்தான் கல்யாணம் நடந்தது.

கம்பெனி வடக்கே. இங்கே பெரியமேட்டுப் பக்கம் ஒரு சர்வீஸ் சென்டர் வைத்திருந்தார்கள். 1990-ல் சேர்ந்தவர் 2025-ல் ஓய்வு பெறும் வரை அதே மேஜை, அதே ஸ்டூல். முதலில் எடைக்கல் தொங்கும் கை மெஷின், அப்புறம் கரன்ட்டில் ஓடும் மெஷின். மாறினது அது ஒன்றுதான்.

இந்த வேலையைக் கடைக்காரர்கள் 'கட்டிங்' என்பார்கள். முன்பெல்லாம் மாட்டுக் குடலில் இருந்து நரம்பு செய்தார்களாம், அதனால் வந்த பேர். இப்போது எல்லாம் நைலான். முக்கால் மில்லிமீட்டர்கூட இருக்காது அதன் பருமன். ஒரு மட்டைக்குப் பத்து மீட்டர் வேண்டும். நீளவாக்கில் 22 இழையைப் போட்டு, குறுக்கே ஒன்று மேல் ஒன்று கீழ் என்று பாய் முடைகிற மாதிரி கோக்க வேண்டும். ஒவ்வொரு இழையையும் 20 பவுண்டு, 24 பவுண்டு என்று இழுத்துப் பிடிக்க வேண்டும். மட்டையின் எடையோ நூறு கிராம்கூட வராது. ஓர் இடத்தில் அளவு தப்பினால் ஃபிரேம் விண்டுவிடும். ஒரு மட்டைக்கு முக்கால் மணி நேரம். சீசனில் ராத்திரி ஒன்பதுக்கு வீடு வந்து, விரலைத் தேங்காய் எண்ணெயில் ஊற வைத்துக்கொண்டு உட்காருவார். ஆள்காட்டி விரலில் இழை ஓடி ஓடி வரி வரியாகத் தழும்பு. சாதம் பிசையும்போது குழம்பு பட்டால் எரியும். ஸ்பூனில்தான் சாப்பிடுவார்.

இவ்வளவு பாடு பட்டவர் மேல் எனக்கு என்ன கோபம் என்று கேட்பீர்கள். 2003-ல் நடந்தது அது.

ஒரு காலேஜ் பெண் உடைந்த கிராஃபைட் மட்டையைக் கொண்டு வந்தாளாம். வாங்கி ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. கம்பெனி வாரண்டி உண்டு. ஆனால் தயாரிப்பில் குறை இருந்தால்தான் புது மட்டை. மோதி உடைந்தால் கிடையாது. அதைப் பார்த்துச் சொல்வது இவர் வேலை. மோதின மட்டை என்றால் அந்த இடத்தில் பெயின்ட் பெயர்ந்திருக்கும், நசுங்கின தடம் இருக்கும். இந்த மட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. பிடிக்கு மேலே தானாக விண்டிருந்தது. அந்த மாதம் அதே மாதிரி ஏழெட்டு மட்டை வந்திருந்ததாம். "எல்லாத்துக்கும் புதுசு கொடுத்தா கட்டுப்படியாகாது. உபயோகித்தவர் தவறுன்னு எழுதிடு" என்றார் மேலதிகாரி. இவர் "தயாரிப்புக் குறை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏழெட்டு மட்டைக்கும் அப்படியே.

அடுத்த வருஷம் சூப்பர்வைசர் பதவி வந்தது. இவருக்கு ஆறு வருஷம் பிந்திச் சேர்ந்தவருக்குப் போனது. எதனால் என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

பத்து நாள் இவரோடு நான் பேசவில்லை. பதினோராம் நாள், "ஒரு வரி மாத்தி எழுதியிருந்தா என்னங்க குறைஞ்சு போயிருக்கும்? யாரோ பெத்த பொண்ணுக்கு மட்டை, நம்ம பொண்ணுக்குப் பட்டை நாமமா?" என்று கத்தினேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "கண்ணுல பார்த்ததைத்தான்மா எழுத முடியும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

2014-ல் என் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட என்னுடைய இரண்டு வளையலை விற்றோம். அன்றைக்கும் அந்த ஒரு வரியைச் சொல்லிக் காட்டினேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வீட்டில் எந்தக் குறை வந்தாலும் அதைச் சொல்லிக் காட்டுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

சென்ற வருஷம் பிரிவு உபசார விழா. நான் வரமாட்டேன் என்றேன். என் மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள். சால்வை, சுவர்க் கடிகாரம், மிக்சர், கேசரி. அந்தப் பழைய மேலதிகாரி எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். யார் யாரோ பேசினார்கள். "கடின உழைப்பாளி, பண்பாளர்" என்று எல்லாருக்கும் சொல்வதையே சொன்னார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. இவ்வளவு நல்லவருக்கு ஏன்யா பதவி கொடுக்கலை என்று வாய் வரை வந்தது.

அப்போது நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் ஐந்தாறு சிறுமிகளோடு உள்ளே வந்தாள். எல்லாரும் பள்ளி யூனிஃபார்மில், தோளில் மட்டைப் பையோடு இருந்தார்கள். கடைக்காரர்கள் மூலமாக விழாவைக் கேள்விப்பட்டு வந்தாளாம். மைக் கேட்டு வாங்கினாள். "2003-ல உடைஞ்ச மட்டையோட வந்த பொண்ணு நான்தான்" என்றாள். எனக்குத் திக்கென்றது.

அவள் அம்மா வீட்டு வேலை செய்தவராம். தாலிக்கொடியில் இருந்த இரண்டு குண்டை விற்று அந்த மட்டையை வாங்கித் தந்திருக்கிறார். உடைந்ததும் வீட்டில் சொல்லப் பயந்து, கூவம் பாலத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டுத்தான் சர்வீஸ் சென்டருக்கே வந்தாளாம். "புது மட்டை கையில கொடுத்துட்டு, 'இது உன் தப்பு இல்ல பாப்பா, மட்டையோட தப்பு'ன்னு சொன்னாரு. அந்த மட்டையோடதான் பல்கலைக்கழக டீம்ல ஆடினேன். இன்னிக்கு ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருக்கேன்" என்றாள். கூட வந்த பிள்ளைகளை இவர் காலில் விழச் சொன்னாள். இவர் பதறிப்போய் எழுந்து நின்றுவிட்டார். அவள் அம்மா விற்ற குண்டையும் நான் விற்ற வளையலையும் நினைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். என் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், "இதை ஏன் என்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு எனக்கே இன்னிக்குத்தானேம்மா தெரியும்" என்றார்.

சகோதரிகளே, வளையல் போனதில் எனக்கு இப்போதும் வருத்தம் உண்டு. பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஒரு வரியைச் சொல்லிக் காட்டுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது திண்ணையில் பழைய கை மெஷினை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கட்டித் தருகிறார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சிந்து வெள்ளி வாங்கியதில் இருந்து பெண் பிள்ளைகளின் மட்டைதான் அதிகம் வருகிறது என்பார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் நம்ம காஞ்சிபுரத்துப் பெண் துளசிமதி பேட்மின்டனில் வெள்ளி வாங்கியபோது, தெருவுக்கே சாக்லெட் கொடுத்தார்.

பிள்ளைகள் ஆடும் வீடுகளுக்கு அவர் சொல்லச் சொன்ன சில விஷயங்கள்:

ஒரு நரம்பு அறுந்தால் மற்றதை அப்படியே விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் இழுத்து ஃபிரேம் கோணிவிடும். நடுவில் இருந்து ஆரம்பித்து ஓரம் வரை எல்லாவற்றையும் உடனே வெட்டிவிடுங்கள்.

வெயிலில் நிற்கும் கார், ஸ்கூட்டர் பெட்டியில் மட்டையை வைக்காதீர்கள். நரம்பு தளர்ந்து போகும்.

"பெரிய ஆட்டக்காரர் மாதிரி 28 பவுண்டு போடுங்க" என்று சின்னப் பிள்ளைகள் கேட்பார்கள். கை, தோள் வலிதான் மிச்சம். பழகுகிற வயசில் 20 போதும்.

இறகுக் காக் சீக்கிரம் பிய்ந்தால், ஆடுவதற்கு முன்னால் லேசாக ஆவி காட்டுங்கள். இறகு காய்ந்து முறியாமல் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும்.

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். மிக்ஸியோ, மட்டையோ, ரிப்பேர் பார்க்க வருகிறவர் "இது உங்க தப்பு இல்லம்மா" என்று சொன்னால், அந்த வார்த்தைக்கு அவர் வீட்டில் யாரோ விலை கொடுத்திருக்கலாம். ஒரு வாய் காபி கொடுத்து அனுப்புங்கள்.

- ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை.