கீரிமலைச் சத்தியமும் சம்பள நாளும்



ஒரு ஆடி அமாவாசைக்கு எங்கள் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துக் கீரிமலைக்குப் போனோம். தகப்பனை இழந்தவர்கள் அங்கே கடலோரத்தில் பிதிர்க்கடன் செய்து, கேணியில் முழுகி, நகுலேஸ்வரரைக் கும்பிட்டு வருவது உங்களுக்குத் தெரிந்ததே. அன்று எங்களோடு வந்த தொழிலாளி ஒருவர், கோயில் வாசலில் ஈர வேட்டியோடு நின்று, "இனிமே குடிக்க மாட்டேன்" என்று பெண்சாதி பிள்ளைகள் முன்னால் சத்தியம் பண்ணினார்.

இரண்டு மாதச் சம்பளம் முழுசாக வீட்டுக்கு வந்தது. மூன்றாவது சம்பள நாளில் அவர் தவறணைப் பக்கம் போய்விட்டார். மறுநாள் பிரட்டுக்கு வரவில்லை. மூன்று நாள் பெயர் போச்சு.

நாங்கள் லயத்துக்குப் போய், "சாமிக்கு முன்னால செஞ்ச சத்தியத்தை இப்படி விட்டுட்டீங்களே?" என்று கேட்டோம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "போனது போச்சுங்க ஐயா, நான் உருப்படாதவன்" என்றார். அன்று பின்னேரமும் குடித்தார். நாங்கள் கேட்ட கேள்வி பிழை என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அதைத்தான் இம்முறை எழுதுகிறோம்.

ஒரு சறுக்கல், முழு வீழ்ச்சி அல்ல

குடிக்கு அடிமையாவது ஒரு நோய் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். நீரிழிவுக்காரர் ஒரு கல்யாண வீட்டில் இனிப்புச் சாப்பிட்டுவிட்டால் மருந்தை நிறுத்திவிடுவதில்லை. அடுத்த நாள் திரும்பவும் கட்டுப்பாட்டுக்கு வருகிறார். குடியை விட்டவருக்கும் அதே நியாயம்தான். ஆனைக்கும் அடி சறுக்கும்.

ஒரு தடவை தவறுவது வேறு, பழைய குடிக்கே திரும்பிப் போவது வேறு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது "போனது போச்சு, இனி என்ன?" என்ற நினைப்பு. அலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1985இல் வெளிவந்த நூலில் இதை விளக்கினார். முதல் கிளாஸைவிட, அதற்குப் பின் வரும் வெட்கமும் குற்ற உணர்வுமே மனிதனை அடுத்த கிளாஸுக்குத் தள்ளுகின்றன என்பது அவர் கருத்து. எங்கள் கேள்வி அந்த வெட்கத்தைத்தான் கூட்டிவிட்டது.

ஒரு டாக்டரும் சறுக்கினார்

குடியை விட்டவர்கள் ஒன்றுகூடி ஒருவரையொருவர் தாங்கும் ஏ.ஏ. என்ற சங்கம் இன்று உலகம் முழுவதும் இருக்கிறது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அமெரிக்காவின் அக்ரன் நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் டாக்டர் பொப் சிமித். 1935 மே மாதம் பில் வில்சன் என்பவரைச் சந்தித்த பிறகு அவர் குடியை நிறுத்தினார். சில வாரங்களிலேயே ஒரு வைத்திய மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்துவிட்டார். நண்பர் அவரைக் கைவிடவில்லை. 1935 ஜூன் 10ஆம் திகதி குடித்ததே கடைசி. 1950இல் இறக்கும் வரை அவர் தொடவில்லை. அந்த ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. முதல் தடவை நிறுத்திய நாளை அல்ல, சறுக்கிய பின் எழுந்த நாளை!

நம் தமிழ்ப் பெண்மணி ஒருவரையும் சொல்ல வேண்டும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் குடியால் கணவரை இழந்தவர். அழுதுகொண்டு மூலையில் இருந்துவிடாமல், 1980இல் குடிநோயாளருக்கான சிகிச்சை நிலையத்தை ஆரம்பித்தார். அங்கே குடிப்பவருக்கு மட்டுமல்ல, குடும்பத்தாருக்கும் ஆலோசனை கொடுக்கிறார்கள்.

எப்போது சறுக்கும்?

சம்பள நாள், தீபாவளி முற்பணம் கிடைக்கும் நாள், திருவிழா, கல்யாணம், கருமாதி, பழைய கூட்டாளி வரும் நாள் ஆகியவை வெளியே உள்ள ஆபத்துகள். பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கும் உள்ளே உள்ளவை. மழையில் நனைந்து, வெறும் வயிற்றோடு, கங்காணியோடு சண்டை போட்டுவிட்டு வரும் பின்னேரத்தில் நான்கும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஆகவே மலையிலிருந்து வந்ததும் முதலில் சாப்பிடுங்கள். சம்பள நாளில் பெண்சாதியோடோ வளர்ந்த பிள்ளையோடோ வாருங்கள். தவறணை இல்லாத பாதையில் வாருங்கள்.

குடிக்கும் ஆசை கடல் அலை மாதிரி எழும்பும், உச்சிக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு தேத்தண்ணி, ஒரு குளிப்பு, தோட்டத்துக் கோயிலுக்கு ஒரு நடை, ஒருவரோடு பேச்சு என்று எதையாவது செய்து தள்ளிப்போடுங்கள்.

தவறிவிட்டால் அடுத்த நாள் செய்ய வேண்டியவை

1. மிச்சம் இருந்தால் கொட்டிவிடுங்கள். "இதோட முடிச்சிடுறேன்" என்று குடிக்க வேண்டாம்.

2. நம்பிக்கையான ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். மறைத்தால் அது வளரும்.

3. எங்கே, யாரோடு, எந்த மனநிலையில் தவறினோம் என்று யோசியுங்கள். அடுத்த முறை அந்த இடத்தில் என்ன செய்வது என்று முடிவெடுங்கள்.

4. முடிந்தால் வேலைக்குப் போங்கள். சிகிச்சை எடுத்தவர் என்றால் கிளினிக்குக்குத் திரும்பப் போங்கள். வைத்தியர் கோபிப்பார் என்று பயப்பட வேண்டாம்.

உயிருக்கு ஆபத்தானவை

பல வருடமாக நாள்தோறும் அதிகம் குடித்தவர் வீட்டில் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு மூன்று நாட்களில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் கண்டு புலம்புதல் வரலாம். இது பேய் பிடித்ததல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சில மாதம் நிறுத்தியவர் பழைய அளவைத் திரும்பக் குடித்தால் உடம்பு தாங்காது. கசிப்பு என்றால் இன்னும் மோசம். 2019 பெப்ரவரியில் இந்தியாவின் அசாம் மாநிலத்தில் ஹல்மிரா தேயிலைத் தோட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் நச்சுச் சாராயம் குடித்து 150 பேருக்கு மேல் இறந்தார்கள். நம்மைப் போலக் கொழுந்து பறித்தவர்கள் பலர், பெண்களும் அதில் இருந்தார்கள்.

குடியை மறக்கச் செய்யும் மாத்திரையைச் சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்கும் வழக்கம் உண்டு. தாய்மாரே, தயவுசெய்து வேண்டாம். அப்படியான மருந்தோடு சாராயம் சேர்ந்தால் உயிருக்கே மோசமாகலாம். வைத்தியர் சொல்லி, குடிப்பவர் சம்மதித்துத்தான் அதை எடுக்க வேண்டும்.

வீட்டாருக்கு

வெறியில் இருக்கும்போது புத்தி சொல்ல வேண்டாம், ஏறாது. விடிந்தபின் பேசுங்கள். "எனக்கு அப்பவே தெரியும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ரெண்டு மாசம் இருந்தீங்களே, திரும்பவும் இருக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். ஆனால் அவருக்காகக் கடன் அடைப்பதும், கணக்கப்பிள்ளையிடம் பொய் சொல்வதும் உதவி அல்ல. அடி உதை என்றால் பொறுத்துப் போகத் தேவையில்லை. பிள்ளைகளோடு பக்கத்துக் காம்பராவுக்குப் போய்விட்டு எங்களுக்குச் சொல்லுங்கள். அவர் குடிப்பது உங்கள் குற்றமல்ல.

தோட்ட வைத்தியரையோ எங்களையோ பார்க்க முடியாவிட்டால், 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் உதவியைக் கேட்கலாம்.

கடைசியாக ஒன்று

குதிரை முகம் கொண்ட மாருதப்புரவீகவல்லி என்ற அரசகுமாரி கீரிமலையில் தங்கி, தீர்த்தமாடி வந்ததில் முகம் மாறியது என்பது ஐதிகம். குதிரை முகம் விட்ட ஊர்தான் மாவிட்டபுரம் என்று சொல்வார்கள். ஒரே முழுக்கில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம்தான் எதிர்பார்க்கிறோம். அவளோ அங்கேயே தங்கியிருந்தாள்.

நாங்கள் சொன்ன அந்தத் தொழிலாளி பிறகும் ஒருமுறை தவறினார். அந்த முறை லயத்தில் ஒளிந்திருக்கவில்லை. அடுத்த நாள் காலையில் தானே எங்கள் அறைக்கு வந்து, "ஐயா, நேத்து குடிச்சிப்புட்டேன்" என்றார். நாங்களும் சத்தியத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டோம். மறுநாள் பிரட்டில் நின்றார். முன்பு மூன்று நாள் பெயர் போனது, இந்த முறை ஒரு நாள்தான். அதுவும் ஒரு முன்னேற்றம்தானே!