கிணற்று நீர்மட்டத்தைக் கோடு போட்டுப் பாருங்கள்

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் உபரிநீர் திறந்துவிடப்பட்ட அதே ஏரி, 2019 கோடையில் வறண்டு போனது. செய்தித்தாளில் வரும் ஏரி நீர்மட்டம் அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை அறியப் பல நாள் கணக்கைக் கோடாக வரைந்து பார்க்க வேண்டும்.

பூந்தமல்லி, திருமழிசை, நேமம் வட்டாரத்தில் கிணற்றை நம்பிப் பயிர் வைக்கும் விவசாயிகள் தங்கள் கிணற்றுக்கும் இதைச் செய்யலாம். செலவு ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டும் பென்சிலும்தான்.

அளப்பது எப்படி?

கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். கிணற்று விளிம்பில் ஓர் அடையாளம் வைத்து, எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும். மாதந்தோறும் முதல் தேதி காலையில், பம்புசெட் ஓட்டுவதற்கு முன் அளப்பது அவசியம். மோட்டார் ஓடிய பின் அளந்தால் கணக்கு தவறிவிடும்.

உதாரணமாக, ஒரு கிணற்றில் விளிம்பிலிருந்து தண்ணீர் வரை இருக்கும் ஆழம் இப்படி என்று வைத்துக்கொள்வோம்:

டிசம்பர் – 10 அடி
ஜனவரி – 11 அடி
பிப்ரவரி – 14 அடி
மார்ச் – 19 அடி

வரைவது எப்படி?

பக்கத்தின் மேல்பக்கம் குறுக்காக ஒரு கோடு போடுங்கள். அதுவே கிணற்று விளிம்பு, அதாவது 0. அதன் மேல் சம இடைவெளியில் மாதங்களை எழுதுங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக, கட்டத்துக்கு ஓர் அடி வீதம் 1, 2, 3 என்று குறியுங்கள். 0-வைக் கீழே வைத்தால், தண்ணீர் இறங்கும்போது கோடு மேலே ஏறி நம்மை ஏமாற்றும்.

ஒவ்வொரு மாதத்துக்கும் நேர் கீழே, உரிய ஆழத்தில் புள்ளி வைத்து, புள்ளிகளை ஸ்கேலால் இணையுங்கள். ஒரு மாதம் அளக்கத் தவறினால் அந்த இடத்தைக் காலியாக விட வேண்டும். அடுத்த மாதத்தை நெருக்கி எழுதினால், இறக்கம் உண்மையைவிடச் செங்குத்தாகத் தெரியும்.

கோடு சொல்வது என்ன?

கோடு படுக்கையாக இருந்தால், எடுக்கும் தண்ணீரும் ஊறும் தண்ணீரும் ஏறக்குறையச் சமம். சரிந்தால், ஊறுவதைவிட அதிகம் எடுக்கிறோம். நம் உதாரணத்தில் இறக்கம் 1 அடி, 3 அடி, 5 அடி என்று மாதாமாதம் கூடுகிறது. கடைசிச் சரிவை அப்படியே புள்ளிக்கோடாக நீட்டினால் ஏப்ரலில் 24 அடி, மே மாதத்தில் 29 அடி. பம்பு 28 அடி வரைதான் இழுக்கும் என்றால் ஏப்ரல் முடிவதற்குள் தண்ணீர் நின்றுவிடும்.

இந்த நிலையில் சொர்ணவாரி நெல் நட்டால் நாற்றும் உரமும் கூலியும் வீணாகும். கையிலுள்ள தண்ணீருக்கு ஏற்ப, கொஞ்ச நிலத்தில் மட்டும் உளுந்தோ எள்ளோ விதைப்பது நல்லது. நீட்டிய கோடு ஒரு மதிப்பீடுதான்; கோடை மழை பெய்தால் மாறும். ஆகவே மாதந்தோறும் அளந்து திருத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டுக் கணக்கை அதே தாளில் வேறு நிறப் பென்சிலால் வரையுங்கள். சென்ற ஆண்டைவிடக் கோடு கீழே ஓடினால், நடவுக்கு முன்பே பரப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.