மலைக்குப் போறீங்களா? உடம்புக்கு என்னன்னு முதல்லயே சொல்லிடுங்க!

நாலு நண்பர்கள் டீக்கடையில் உட்கார்ந்தால் போதும், அரை மணியில் ஒரு டூர் ரெடியாகிவிடும். அதிலும் கம்பம், சின்னமனூர், போடி பக்கத்து ஆட்களுக்குக் கேட்கவே வேண்டாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான்!

'வெள்ளிக்கிழமை மேகமலை. சனிக்கிழமை தேக்கடியைப் பார்த்துட்டு மூணாறு. ஞாயிறு விடியக்காலை கொழுக்குமலையில சூரிய உதயம். முடிஞ்சா அங்கிருந்து குரங்கணிக்கு நடந்தே இறங்கிடலாம்டா!'

அந்தக் கடைசி வரியைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த வேனுக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். பன்னிரண்டு பேர். அதில் ஒருத்தருக்கு வளைவு ரோட்டில் குமட்டும். இன்னொருத்தருக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். மூன்றாவது ஆளுக்குப் போன வருஷம் சுகர் கண்டுபிடித்தார்கள். அது அவர் வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று பேருமே வாயைத் திறக்க மாட்டார்கள். 'நம்மால எதுக்கு மத்தவங்க ஜாலி கெடணும்' என்ற நல்ல மனசு! மலையில் பல சிக்கல்கள் இந்த நல்ல மனசிலிருந்துதான் ஆரம்பமாகின்றன.

வாந்தி ஏன் வருது?

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் ரோட்டில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயரைப் போர்டு எழுதி வைத்திருப்பார்கள். ரசிக்கலாம்தான், வயிறு விட்டால்!

நம் காதுக்குள்ளே, கேட்கிற பகுதிக்குப் பக்கத்திலேயே, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்லும் ஓர் அமைப்பு இருக்கிறது. வேன் வளைகிறபோது அது 'திரும்புறோம், திரும்புறோம்' என்று தகவல் அனுப்புகிறது. அதே நேரம் கண் செல்போனையோ முன் சீட்டின் முதுகையோ பார்த்துக்கொண்டிருந்தால், 'எதுவும் அசையலையே' என்கிறது. இரண்டு தகவலும் ஒத்துப்போகாமல் மூளை குழம்புகிறது. அதன் விளைவுதான் குமட்டல், வியர்வை, வாந்தி எல்லாம்.

அதனால்தான் டிரைவருக்கு வாந்தி வருவதில்லை! அவர் கண் ரோட்டிலேயே இருக்கிறது. குமட்டல் வரும் என்று தெரிந்தவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள். தூரத்து மலையைப் பார்க்கட்டும், போனைப் பையில் வைக்கட்டும். காலையில் காலி வயிறும் வேண்டாம், எண்ணெய் சொட்டச் சொட்டப் பூரியும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். வாந்தியைத் தடுக்கும் மாத்திரையை வண்டி மலையேறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அது தூக்கம் வரவைக்கும் மாத்திரை, ஆகவே வண்டி ஓட்டுகிறவர் தொடவே கூடாது. கண்ணில் பிரஷர், பிராஸ்டேட் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

ஏறும்போது காது அடைப்பது வேறு விஷயம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால் வருவது. எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் சரியாகிவிடும்.

குளிரும் மூச்சும்

சமவெளியிலிருந்து ஒவ்வொரு ஆயிரம் அடி ஏறும்போதும் வெப்பநிலை சுமார் 2 டிகிரி குறையும். தேனி கிட்டத்தட்ட ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிறது, கொழுக்குமலை ஏழாயிரம் அடிக்கு மேல். ஆக, 12 டிகிரி வித்தியாசம்! போதாக்குறைக்கு விடியற்காலை நாலு மணிக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறுகிறோம். முகத்தில் அடிக்கும் அந்த ஈரக் காற்று, வீசிங் உள்ளவரின் மூச்சுக்குழாய்களைச் சட்டென்று சுருக்கிவிடும். மூக்கையும் வாயையும் மறைத்து ஒரு மஃப்ளர் சுற்றினாலே உள்ளே போகும் காற்று கொஞ்சம் சூடாகிவிடும். நம்ம ஊரில் மஃப்ளர் கட்டினால் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்! இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கட்டும். பலர் அதைப் பெட்டிக்குள் வைத்து ரூமில் விட்டுவிட்டு வருகிறார்கள்.

அந்த ஜீப் பாதை, பாதை என்று சொல்லவே தயங்க வேண்டிய பாதை. எல்லாம் கல். கர்ப்பிணிகளுக்கும், டிஸ்க் விலகி இடுப்பு வலியோடு இருப்பவர்களுக்கும் அது வேண்டாம். ஒருவர் ரூமில் இருந்தே சூரியனைப் பார்த்தால் குடி முழுகிவிடாது.

குடி என்றதும் ஞாபகம் வருகிறது. 'குளிருக்கு ஒரு பெக்' என்பது சுத்தப் பொய். மது போனதும் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிகின்றன. அதனால் தோல் கதகதவென்று இருக்கும். ஆனால் உடம்பின் உள்ளே இருக்கும் சூடு அந்த வழியாகத்தான் வெளியேறிக்கொண்டிருக்கும்.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து. வழக்கத்தைவிட நாலு மடங்கு நடப்பார்கள், சாப்பாடு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். சர்க்கரை சடாரென்று இறங்கி, கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், பேச்சு குழறும். விஷயம் தெரியாத நண்பர்கள் 'மாப்ள டயர்டாயிட்டான், கொஞ்சம் தூங்கட்டும்' என்று படுக்க வைத்துவிடுவார்கள். தெரிந்திருந்தால்? மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் ஆள் தெளிந்திருப்பார். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது.

பனிமலைக்குப் போகிறவர்களுக்கு

இப்போதெல்லாம் நம்ம பக்கத்து இளைஞர்கள் காசு சேர்த்துக் காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் அவுலி என்று போய்ப் பனியில் சறுக்கி விளையாடிவிட்டு வருகிறார்கள். 'நாங்க கொழுக்குமலையே ஏறினவங்க, எங்களுக்கு என்ன?' என்ற தைரியம் வேறு. அந்தத் தைரியம் அங்கே செல்லாது. காற்று மெலிவதால் வரும் மலைநோய், பொதுவாக எட்டாயிரம் அடிக்கு மேலேதான் ஆரம்பிக்கிறது. கொடைக்கானலும் மூணாறும் அதற்குக் கீழே. ஆனைமுடி சிகரம் எட்டாயிரத்து எண்ணூறு அடி இருந்தாலும் அங்கே யாரும் ராத்தங்குவதில்லை. ஆகவே நம்ம ஊர் மலையில் தலை வலித்தால் தூக்கக் குறைவோ, தண்ணீர் குடிக்காததோ, முந்தைய நாள் ராத்திரிக் கச்சேரியோதான் காரணமாக இருக்கும்.

குல்மார்க் அப்படியல்ல. ஊரே எட்டாயிரத்து எழுநூறு அடி. ரோப் காரில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சுமார் பதிமூன்றாயிரம் அடி! தலைவலி, குமட்டல், பசியின்மை வந்தால் மலைநோயாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ காத்திருக்கவே கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும். இறங்குவதுதான் முதல் மருந்து. முன்கூட்டியே போடும் மாத்திரையும் இருக்கிறது, ஆனால் சல்பா அலர்ஜி உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் டாக்டர் எழுதித் தந்தால் மட்டுமே.

இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிச் சறுக்கும் ஸ்னோபோர்டில் புதியவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டு. விழும்போது கையை ஊன்றுவது மனித சுபாவம், ஊன்றினால் எலும்பு முறியும். மணிக்கட்டுக் கவசமும் ஹெல்மெட்டும் வாடகைக்குக் கேளுங்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணின் கருவிழியையே எரித்துவிடும் என்பதால், கறுப்புக் கண்ணாடியும் அவசியம்.

இறங்கும்போதுதான் முட்டி பேசும்

நம்ம மலைக்கே திரும்புவோம். ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முட்டி வாங்கும்! ஒவ்வொரு அடிக்கும் நம் முழு எடையும் முட்டியில் இறங்க, அதைத் தொடைத் தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. இப்படி வேலை செய்த தசைதான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலிக்கும். இதை எழுதுகிறவன் ஒருமுறை புது ஷூவின் லேஸை இறுக்காமல் மலை இறங்கி, இரண்டு கால் பெருவிரல் நகங்களையும் பறிகொடுத்தவன். அதனால் அனுபவத்தில் சொல்கிறேன், பழகிய ஷூ, இறுக்கிய லேஸ், குட்டிக் குட்டி அடிகள், கையில் ஒரு குச்சி. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் மாடிப்படி ஏறி இறங்கிப் பழகினால் பாதி வலி குறையும்.

மெதுவாக நடப்பவரை எப்போதும் வரிசையில் முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால், மற்றவர்கள் ஓய்வெடுக்கும் இடத்துக்கு அவர் வந்து சேரும்போது அவர்கள் எழுந்து நடக்க ஆரம்பிப்பார்கள். ஓய்வு தேவையான ஆளுக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் வந்து, நின்றால் சரியாகிறது என்றால் அது களைப்பு என்று நினைக்காதீர்கள். டூர் அங்கேயே முடிந்தது, நேராக ஆஸ்பத்திரிதான்.

குரங்கணியில் என்ன நடந்தது?

கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு நடந்து இறங்கும் அந்தப் 'பிளானுக்கு' வருவோம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேற வந்த இரண்டு குழுக்கள், அதே சரிவில் குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஆள் உயரக் காய்ந்த புல்லில் தீ. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் சிக்கினார்கள். மலைக் கிராமத்து ஜனங்கள் போர்வையில் கட்டித் தூக்கி இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. அப்படியும் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்தப் பாதைக்கு வனத்துறை அனுமதி இருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அந்த நாட்களில் பலர் கேட்ட கேள்வி: 'நல்லாப் பேசிக்கிட்டிருந்தவங்க, ஆஸ்பத்திரியில போய் எப்படி இறந்தாங்க?' தோல் நம் உடம்பின் மூடி. பெரும்பகுதி எரிந்துவிட்டால், ரத்தத்திலுள்ள நீர் அந்த வழியாகக் கசிந்துகொண்டே இருக்கும். முதல் இரண்டு நாளில் ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் தளரும். அதைத் தாண்டினாலும் மூடியில்லாத உடம்பில் கிருமி புகும். புகையைச் சுவாசித்திருந்தால் மூச்சுக்குழாய் சில மணி நேரம் கழித்து வீங்கும். ஆக, முதலில் தெளிவாகப் பேசுவது பிழைப்பார் என்பதற்கு அடையாளம் ஆகாது.

இன்னொன்று, தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதனால் தீயைப் பார்த்ததும் மேலே ஏறி ஓடக்கூடாது. பக்கவாட்டில் நகர்ந்து பாறை, ஓடை, ஏற்கெனவே எரிந்து கறுத்த தரை இவற்றில் ஒன்றுக்குப் போக வேண்டும். நைலான், பாலியெஸ்டர் உடைகள் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி அப்படி ஒட்டாது. தீக்காயத்துக்கு ஓடும் தண்ணீர் 20 நிமிஷம். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம்.

இன்று நடந்து போகவே ஆசை என்றால் நேர்வழி இருக்கிறது. 2024-ல் தமிழக வனத்துறை தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் குரங்கணி - சாம்பலாறு பாதையும் உண்டு. முன்பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டி கூட வருவார். தீ அபாயமுள்ள கோடை மாதங்களில் பாதைகளை மூடுவார்கள். மூடியிருந்தால் விட்டுவிடுங்கள், 'லோக்கல் பையன் ஒருத்தன் கூட்டிட்டுப் போறேங்கிறான்' என்று கிளம்பாதீர்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். மலையில் பல இடங்களில் செல்போன் டவர் கிடைக்காது.

ஊர் திரும்பிய பிறகு ஒரே ஒரு விஷயம். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வந்தால், உடம்பு முழுக்கப் பாருங்கள். இடுப்பு, அக்குள், தொடை இடுக்கில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம். வலிக்காது, அதனால் நீங்களே கவனித்திருக்க மாட்டீர்கள். புதரில் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடித்து வருவது இது, பெயர் ஸ்க்ரப் டைபஸ். சீக்கிரம் கண்டுபிடித்தால் விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகும். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய்விடும். டாக்டர் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, 'சார், போன வாரம் காட்டுக்குப் போயிட்டு வந்தேன்' என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.