வளராத புல்லைக் காக்கும் மாதங்கள்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் கோல்ஃப் திடலில், குளிர்காலம் வந்ததும் புல்லின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மண்ணின் வெப்பம் 6 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால், அங்குள்ள ஃபெஸ்க்யூ, பென்ட் வகைப் புற்கள் தளிர் விடுவது அரிது. டிசம்பரில் பகலே சுமார் 7 மணி நேரம்தான். ஆனால் ஆட்டம் நிற்பதில்லை. கோடையில் மட்டை பெயர்த்த இடம் சில வாரங்களில் மூடிக்கொள்ளும். டிசம்பரில் பெயர்ந்த இடம் வசந்தம் வரை வெறும் மண்ணாகவே கிடக்கும்.

கடலோர மணல்மேட்டு நிலம் என்பதால் ஃபேர்வே எனும் ஆட்டப்பாதை எங்கும் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. யார் அடித்தாலும் பந்து உருண்டு அதே சில பள்ளங்களில்தான் வந்து சேரும். காயமும் அங்கேயே குவியும். அதனால் குளிர்மாதங்களில் ஆட்டக்காரர்கள் சிறிய செயற்கைப்புல் விரிப்பைக் கையோடு கொண்டுபோய், ஃபேர்வேயில் அதன்மேல் பந்தை வைத்து அடிக்க வேண்டும். வாழ்வில் ஒருமுறை அங்கே ஆட வருபவருக்கு இது ஏமாற்றம்தான். ஆனாலும் திடலைக் காப்பாற்ற இதைவிட எளிய வழி இல்லை.

உறைபனி இன்னும் கடுமையான எதிரி. பனி படிந்த காலையில் புல்லின் செல்களுக்குள் இருக்கும் நீர் உறைந்திருக்கும். அதன்மேல் ஒருவர் நடந்தால் செல்கள் உடைந்துபோகும். வெயில் ஏறிய பிறகு, காலணி பதிந்த இடமெல்லாம் பழுப்புத் தடமாகத் தெரியும். பனி உருகத் தொடங்கும் நேரம் அதைவிட ஆபத்தானது. மேல்மண் இளகி, அடிமண் கட்டியாகவே இருக்கையில், மிதிபடும் புல்லின் வேர் இரண்டுக்கும் நடுவே அறுபடுகிறது. மேலே எதுவும் தெரியாது; வாரங்கள் கழித்தே புல் வாடும். எனவே பனி முழுதும் விலகும் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போடுகிறார்கள்.

ஈரமும் குளிரும் சேர்ந்தால் மைக்ரோடோக்கியம் என்ற பூஞ்சை, பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள கிரீன்களைத் தாக்கும். முதலில் காசளவு செம்பழுப்பு வட்டங்கள்; காலையில் அவற்றின் ஓரத்தில் பஞ்சு போன்ற வெண்ணிழை. மருந்தைவிட முன்னெச்சரிக்கையே இதற்குப் பலன் தரும். இலையுதிர்காலத்திலேயே நைட்ரஜன் உரத்தைக் குறைத்து, இலையைக் கடினப்படுத்த இரும்பு சல்பேட் தெளிப்பார்கள். விடியற்காலையில் நீண்ட கழியால் பனித்துளிகளைத் தட்டி உதிர்ப்பார்கள். வெட்டும் உயரத்தைச் சற்றே கூட்டுவதும், தரையில் துளையிட்டுக் காற்றும் நீரும் இறங்க வழிசெய்வதும் இந்தப் பருவத்து வேலைகளே.

பெரிய வேலை பங்கர்களில் நடக்கிறது. ஓல்டு கோர்ஸில் இந்த மணல்குழிகள் நூற்றுக்கும் மேல் உண்டு. அவற்றின் செங்குத்துச் சுவர் மண்ணோடு வெட்டியெடுத்த புல்பாளங்களால் ஆனது. பழைய சுவரை இடித்துவிட்டு, பாளங்களைச் செங்கல் வரிசைபோல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால் மண்ணை இறுக்கி இடிப்பார்கள். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைவிடச் சற்று உள்வாங்கி இருக்கும். இல்லாவிட்டால் சுவர் குழிக்குள் சரியும். தெற்கு நோக்கிய சுவர்கள் வெயிலில் காய்ந்து சீக்கிரம் உதிரும். 17-வது ஹோலின் கிரீனை ஒட்டிய ரோடு ஹோல் பங்கரில் ஆட்டக்காரர்கள் ஓயாமல் சிக்குவதால், அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ஆட்டம் குறைந்து, புல்லும் அடங்கிக் கிடக்கும் குளிர்காலமே இந்தக் கைவேலைக்கு ஏற்ற காலம்.

தேய்மானத்தைப் பரப்பிவிடும் எண்ணம் அங்கே புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஒரு வாரம் ஒரு திசையிலும் மறுவாரம் எதிர்த்திசையிலும் ஆடும் வழக்கம் இருந்தது. 1860-களில் திடல் காப்பாளராகப் பொறுப்பேற்ற ஓல்டு டாம் மாரிஸ், கிரீன்களில் மணல் தூவிப் புல்லை வலுப்படுத்தும் முறையைப் பரப்பினார். அது இன்றும் தொடர்கிறது. பெரிய போட்டிகள் இல்லாத ஞாயிறுகளில் திடல் ஆட்டத்துக்கு மூடப்படும். ஊர்மக்கள் அதில் நடந்து போகலாம்.

வசந்தத்தில் மண் சூடேறியதும் விரிப்புகள் விலக்கப்படுகின்றன. பெயர்ந்த இடங்களில் விதை கலந்த மணல் நிரப்பப்படும். வெட்டும் உயரத்தை ஒரே நாளில் குறைக்காமல், புல் தளிர்க்கும் வேகத்துக்கு ஏற்பச் சிறிது சிறிதாகக் கோடை அளவுக்குக் கொண்டுவருகிறார்கள்.